கிணற்றடிக் கணக்கு

இடைநிலைப்பள்ளியில் புவியியல் படித்தவர்களுக்கு ஒரு வரி நினைவிருக்கும். தீபகற்ப மலேசியாவில் ஆகக் குறைந்த மழை பெறும் இடம் நெகிரி செம்பிலானில் உள்ள ஜெலுபு. ஆண்டுக்குச் சுமார் 1,650 மில்லிமீட்டர். அதிக மழைக்குத் தைப்பிங், குறைந்த மழைக்கு ஜெலுபு என்று இரண்டையும் சேர்த்து மனனம் செய்து, தேர்வில் எழுதி, இரண்டு புள்ளி வாங்கிக்கொண்டு மறந்துவிட்டோம். நானும் அப்படித்தான். இத்தனைக்கும் ஜெலுபுக்கு அடுத்த மாவட்டமான ஜெம்போலில், பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் நான். எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த கிணற்றுக்கும் அந்த இரண்டு புள்ளிக்கும் தொடர்பு உண்டு என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

2014 பிப்ரவரியில் நெகிரி செம்பிலான் அரசு தண்ணீர் நெருக்கடியை அறிவித்தது. அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. எங்கள் தோட்டத்தில் பைப்பைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தண்ணீர் லோரி வரும் என்றார்கள். வந்த நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. அப்போதுதான் பெரியவர்களுக்குப் பழைய கிணறு நினைவுக்கு வந்தது. மூடியிருந்த பலகையை அகற்றி வாளியை இறக்கினார்கள். சேறுதான் வந்தது.

"கித்தா மரம் நின்ன வரைக்கும் இந்தக் கெணறு வத்துனதே கெடையாது. செம்பனை வந்துச்சு, எல்லாத்தையும் குடிச்சிருச்சு" என்றார் என் பாட்டி. கிணற்றடியில் நின்ற அத்தனை பேரும் அதை ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் தோட்ட அலுவலகத்துக்குப் போய், கிணற்றை ஆழப்படுத்தித் தரவேண்டும் என்று கேட்டார்கள். காரணத்தையும் சொன்னார்கள். அங்கிருந்தவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கேட்டாராம்: "மரம் குடிச்சிருச்சுன்னு சொல்றீங்களே, எவ்வளவு குடிச்சுதுன்னு தெரியுமா?"

அப்பா பதில் பேசாமல் திரும்பி வந்துவிட்டார். அவர் நக்கலாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால், கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதற்கு நம்மிடம் பதில் இல்லை என்பதுதான் இத்தனை ஆண்டாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. மரம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்ற இதே கேள்வியை நூறு ஆண்டுக்கு முன்பே பாலைவனத்தில் கேட்டிருக்கிறார்கள், விடையும் கண்டிருக்கிறார்கள். அதைச் சொல்வதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். மண்ணிலிருந்தும் நீர்ப்பரப்பிலிருந்தும் நீர் ஆவியாகிப் போகிறது. இலை வழியாகவும் போகிறது. இரண்டையும் தனித்தனியே பிரித்து அளப்பது கடினம் என்பதால் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். மலாய்ப் பாடநூலில் இதற்கு 'செஜாட்பெலுஹான்' என்று பெயர். 'பெலோ' என்றால் வியர்வை. மரம் வியர்க்கிறது என்று பொருள்படும்படி அழகாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் இக்கட்டுரையில் 'ஆவிப்போக்கு' என்று எழுதுகிறேன். இதைவிட நல்ல தமிழ்ச்சொல் தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லலாம்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் சராசரியாக ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. ஜெலுபுவின் மழையில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. நெவாடாவும் அதை ஒட்டிய மேற்கு யூட்டாவும் ஒரு மலைத்தொடர், ஒரு பள்ளத்தாக்கு, மறுபடி ஒரு மலைத்தொடர் என்று வரிசையாகக் கிடக்கும் நிலம். அங்குள்ள பெரும்பாலான பள்ளத்தாக்குகளிலிருந்து ஓர் ஆறுகூடக் கடலுக்குப் போவதில்லை. மலைமேல் விழும் பனியும் மழையும் மண்ணுக்குள் இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் நிலத்தடி நீராகச் சேர்கின்றன. சில இடங்களில் அது அடிப்பாறை வழியே அடுத்த பள்ளத்தாக்குக்குக் கசிகிறது. மற்றபடி அது வெளியேற ஒரே வழி, வானம்தான். ஈர மண்ணிலிருந்து ஆவியாகும். அல்லது நிலத்தடி நீர் வரைக்கும் வேர்விட்ட செடிகள் அதை உறிஞ்சி இலை வழியே விடும்.

அப்படிப்பட்ட செடிகளுக்கு 1923-இல் மெய்ன்சர் என்ற அமெரிக்க நிலத்தடி நீர் அறிஞர் ஒரு பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் அதற்குக் 'கிணற்றுச் செடி' என்று பொருள். மழையை நம்பாமல் தனக்கென்று ஒரு கிணறு வைத்திருக்கும் செடி என்று நான் புரிந்துகொண்டேன். கிரீஸ்வுட் என்ற புதர், உப்புப்புல் எல்லாம் இந்த வகை.

இப்போது கணக்கு எளிதாகிவிடுகிறது. மூடிய பள்ளத்தாக்கில் நீண்ட காலச் சராசரியில் உள்ளே போகும் நீரும் வெளியே போகும் நீரும் சமம். மலையில் எத்தனை இடத்தில் எவ்வளவு நீர் மண்ணுக்குள் இறங்குகிறது என்று அளப்பது நடக்காத காரியம். ஆனால், வெளியே போவதை அளக்கலாம். எந்தச் செடி எத்தனை ஏக்கரில் அடர்ந்து நிற்கிறது, எத்தனை ஏக்கரில் கலைந்து நிற்கிறது, எது வெறும் ஈரமண் என்று பிரித்து வரைபடம் போடுவார்கள். ஒவ்வொரு பகுதியின் ஆவிப்போக்கையும் அளப்பார்கள். அந்தந்த இடத்தில் நேரடியாகப் பெய்த மழையைக் கழிப்பார்கள். மீதி நிலத்தடி நீரிலிருந்து வந்தது என்று முடிவு செய்வார்கள். சார்லஸ் லீ என்பவர் கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் உப்புப்புல்லைத் தொட்டிகளில் வளர்த்து, தொட்டியில் குறையும் நீரை அளந்து 1912-இலேயே அறிக்கை வெளியிட்டார். இன்று செயற்கைக்கோள் படமும் காற்றில் நீராவியை அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன. கணக்கின் அடிப்படை மட்டும் மாறவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒயிட் என்பவரின் முறை. யூட்டாவின் எஸ்கலான்டே பள்ளத்தாக்கில் அவர் கிணறுகளில் நீர்மட்டத்தைத் தானே பதிவுசெய்யும் கருவிகளைப் பொருத்தினார். அறிக்கை 1932-இல் வந்தது. அந்தக் கிணறுகளில் யாரும் தண்ணீர் இறைக்கவில்லை. ஆனாலும் நீர்மட்டம் பகலில் இறங்கியது, இரவில் ஏறியது. வெயில் ஏற ஏறச் செடிகள் நீரை உறிஞ்சுகின்றன, மட்டம் இறங்குகிறது. இருட்டிய பிறகு செடிகள் நிறுத்திக்கொள்கின்றன, சுற்றுப்புறத்திலிருந்து நீர் ஊறிவந்து மட்டத்தை உயர்த்துகிறது. நள்ளிரவிலிருந்து காலை நான்கு மணி வரை செடி ஏறக்குறைய ஒன்றும் குடிப்பதில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் ஒரு மணிக்கு எவ்வளவு ஏறுகிறதோ அதுதான் சுத்தமான ஊற்று. அதை 24-ஆல் பெருக்கினால் ஒரு நாளில் ஊறும் அளவு. நாள் முடிவில் மட்டம் நேற்றைவிட எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரவில் மணிக்கு 2 மில்லிமீட்டர் ஏறுகிறது என்றால் ஒரு நாளைக்கு 48. முந்திய நாளைவிட மட்டம் 2 மில்லிமீட்டர் குறைவு என்றால் மொத்தம் 50. ஆனால், நிலத்தடியில் இருப்பது வெறும் தண்ணீர் அல்ல. மண்ணோடு கலந்த தண்ணீர். மட்டம் 50 இறங்கினால் 50 மில்லிமீட்டர் நீர் வெளியேறியதாக ஆகாது. மண் தன்னிடமிருந்து பத்தில் ஒரு பங்கு நீரைத்தான் விடும் என்று வைத்துக்கொண்டால், செடிகள் குடித்தது 5 மில்லிமீட்டர். இது சிறிய எண்ணாகத் தெரியும். ஓர் ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஒரு நாளில் ஏறத்தாழ 20,000 லிட்டர்.

இதைப் படித்த அன்று இரவு பாட்டிக்குப் போன் செய்தேன். "பாட்டி, அந்தக் காலத்துல ஏன் விடியக்காலையில நாலு மணிக்கே தண்ணி எடுக்கப் போவீங்க?" என்று கேட்டேன். பெரட்டுக்குப் போகிற அவசரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். "கெணறு ராவுலதான்யா ஊறும். விடிஞ்சி போனா கலங்கல்தான் கெடைக்கும்" என்றார். பகல் முழுவதும் லயத்துச் சனம் இறைத்ததும் அதற்குக் காரணமாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் மரத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால், ஒயிட் கருவி வைத்துப் பார்த்த ஏற்ற இறக்கத்தைக் குடமும் கையுமாகப் பார்த்தவர்கள் நம் தோட்டங்களில் இருந்திருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், அவர் எழுதி வைத்தார்.

எழுதி வைத்ததால் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லவேண்டும். நெவாடாவில் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து எவ்வளவு நிலத்தடி நீரை எடுக்க அனுமதிக்கலாம் என்று அரசு முடிவு செய்யும்போது, அங்கே இயற்கையாக வெளியேறும் அளவு முக்கியமான எல்லைக்கோடு. 1989-இல் லாஸ் வேகாஸ் நகரத்தின் நீர் நிர்வாகம், வடக்கே உள்ள கிராமப்புறப் பள்ளத்தாக்குகளின் நிலத்தடி நீரைக் குழாய் போட்டுக் கொண்டுவர விண்ணப்பித்தது. மாடு வளர்ப்பவர்களும் கோஷூட், ஷோஷோனி பழங்குடியினரும் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் பணத்திலும் எண்ணிக்கையிலும் லாஸ் வேகாசுக்கு ஈடாக மாட்டார்கள். ஆனாலும் வழக்கு, புதர்களும் புல்லும் எவ்வளவு குடிக்கின்றன என்ற கணக்குக்கு வந்து நின்றது. 2013-இல் நீதிமன்றம் அனுமதிக்கப்பட்ட அளவை மறுபடி கணக்கிடச் சொல்லித் திருப்பி அனுப்பியது. 2020-இல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. எண் மட்டுமே அவர்களைக் காப்பாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். முப்பது ஆண்டுப் போராட்டம் அது. ஆனால், "எவ்வளவு குடிச்சுதுன்னு தெரியுமா?" என்று கேட்டபோது எடுத்து வைக்க அவர்களிடம் ஒரு தாள் இருந்தது.

இந்தப் பாலைவன முறையை அப்படியே தூக்கிவந்து பகாவில் வைக்க முடியுமா? முடியாது. எங்கள் ஊர் நிலம் மூடிய பள்ளத்தாக்கு அல்ல. பகாவுக்கு அருகே செர்த்திங் ஆற்று நீர் பகாங் ஆற்றோடு சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. ஜெம்போல் ஆற்று நீர் மூவார் ஆற்றோடு சேர்ந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. இரண்டு ஆறுகளும் அவ்வளவு நெருக்கம். அந்தக் காலத்தில் ஓர் ஆற்றிலிருந்து மற்றதற்குப் படகை நிலத்தின்மேல் இழுத்தே கொண்டுபோனார்கள். அந்த இடத்துக்குப் பெனாரிக்கான் என்று பெயர். இழுப்பது என்று பொருள். ஆக, எங்கள் நீர் வானத்துக்கும் போகிறது, இரண்டு கடலுக்கும் போகிறது. அதோடு, இங்கே மரங்கள் பெரும்பாலும் குடிப்பது மழை ஊறிய மேல்மண்ணின் நீரைத்தான். நிலத்தடி நீரைக் குடித்தது எவ்வளவு என்று பிரிப்பது நெவாடாவைவிட இங்கே கடினம்.

ஆனால், கணக்கின் மற்றொரு பாதி இங்கேயே, நம் மாநிலத்திலேயே அளக்கப்பட்டிருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சிம்பாங் பெர்த்தாங் அருகே பாசோ காடு இருக்கிறது. எங்கள் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதன் நடுவே 52 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று மரங்களுக்கு மேலே நிற்கிறது. மலேசிய வன ஆராய்ச்சிக் கழகமும் ஜப்பானிய ஆய்வாளர்களும் அதன் உச்சியில் கருவி வைத்து, ஒரு விநாடிக்குப் பல முறை காற்று மேலும் கீழும் அசைவதையும் அதில் உள்ள நீராவியையும் பதிவு செய்தார்கள். 2003 முதல் 2009 வரை ஏழு ஆண்டுகளின் சராசரியாக அவர்கள் கண்ட ஆவிப்போக்கு ஆண்டுக்குச் சுமார் 1,290 மில்லிமீட்டர். அதைவிட முக்கியமான செய்தி, மழை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் கூடிக் குறைந்தபோதும் இந்த அளவு பெரிதாக மாறவில்லை என்பது.

இதைத் தோட்டச் சம்பளக் கணக்காகப் பார்த்தால் உடனே விளங்கும். மாதச் சம்பளம் 1,650 வெள்ளி. வீட்டுச் செலவு 1,290 வெள்ளி. அதைக் குறைக்கவே முடியாது. மிச்சம் 360. இந்த மிச்சத்தில்தான் ஆறும் ஓடவேண்டும், கிணறும் ஊறவேண்டும். ஒரு வருடம் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிடித்தம் என்றால் கையில் வருவது 1,320. செலவு அதேதான். மிச்சம் 30 வெள்ளி. சம்பளம் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. மிச்சமோ பன்னிரண்டில் ஒரு பங்காகிவிட்டது. ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் பெறும் தைப்பிங்கில் மழை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலும் ஆற்றுக்குத் தாராளமாக மீதி இருக்கும். ஜெலுபுவின் மழையையும் பாசோவின் ஆவிப்போக்கையும் ஒன்றாக வைத்து நான் போட்ட தோராயக் கணக்குதான் இது. செலவு கொஞ்சமாவது குறையும், முன்பு மண்ணில் சேர்ந்த நீரும் கொஞ்ச நாள் தாங்கும். ஆனாலும், மழை நாட்டில் வாழ்கிறோம் என்ற நம்முடைய நிம்மதி எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு இது போதும். பள்ளியில் நாம் மனனம் செய்தது சம்பளத்தை மட்டும்தான். மிச்சத்தை யாரும் கேட்கவில்லை.

சரி, பாட்டி சொன்னது உண்மையா? செம்பனை குடித்துவிட்டதா?

நீரிணைக்கு அப்பால் சுமத்ராவின் ஜாம்பியில் இதே பேச்சு இருந்தது. ரப்பரும் காடும் போய்ச் செம்பனை வந்த பிறகு கிணறு வற்றுகிறது என்று கிராமத்தார் சொன்னார்கள். ஜெர்மன், இந்தோனேசிய ஆய்வாளர்கள் அதைச் சிரித்துத் தள்ளாமல் அளந்து பார்த்தார்கள். இரண்டு வயதுச் செம்பனைத் தோட்டத்தில் நாளுக்குச் சுமார் 2.8 மில்லிமீட்டர், பன்னிரண்டு வயதுத் தோட்டத்தில் சுமார் 4.7 மில்லிமீட்டர். வளர்ந்த செம்பனை காட்டுக்கு இளைத்ததல்ல, நன்றாகவே குடிக்கிறது. ஆனால், 2016-இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு குடிப்பதை மட்டும் குற்றம் சொல்லவில்லை. செம்பனைத் தோட்டத்தில் மண் மிதிபட்டு இறுகுகிறது, மேல்மண் அரித்துப் போகிறது. மழை பெய்தால் உள்ளே இறங்காமல் அல்லூரில் ஓடிவிடுகிறது. மழைக்காலத்தில் வெள்ளம், வெயில்காலத்தில் வறட்சி. அதாவது கிணற்றுப் பணத்தைச் செம்பனை எடுத்துச் செலவு செய்தது ஒரு பக்கம். கிணற்றுக் கணக்கில் பணம் போடாமலே விட்டது இன்னொரு பக்கம். எங்கள் தோட்டத்தில் டிராக்டர் ஓடி ஓடிச் சிமெண்டுத் தரைபோல் ஆகிவிட்ட பாதைகளை நினைத்துப் பார்த்தால், பாட்டியைவிட இந்த ஆய்வு சொல்வதையே நான் அதிகம் நம்புகிறேன்.

அதற்காகக் கித்தா மரத்தைப் புனிதமாக்கவும் தேவையில்லை. ஜனவரி, பிப்ரவரியில், மழை குறையும் அதே வாரங்களில், ரப்பர் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். இலை இல்லாத மரம் எப்படிக் குடிக்கும்? செம்பனைக்கோ இலையுதிர்ச்சி கிடையாது. கிணறு வற்றாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால், சீனாவின் யுன்னான் பகுதியில் 2008-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, மழை வருவதற்கு முன்பே துளிர்விடும் ரப்பர், ஆழத்து மண்ணிலிருந்து நீரை இழுக்கிறது என்று காட்டியது. அங்கே ரப்பர்தான் குற்றவாளி. மண், மழை, மாதம் மூன்றும் மாறினால் தீர்ப்பும் மாறுகிறது.

அளக்காமல் தீர்ப்பு எழுதினால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளலாம். சீமைக்கருவேல மரம் நிலத்தடி நீரை உறிஞ்சிவிடுகிறது என்று இராமநாதபுரம் முதல் சிவகங்கை வரை எல்லாரும் சொல்வார்கள். வைகோ தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றை அகற்ற ஆணையிட்டது. 2017 தொடக்கத்தில் பொக்லைன் இயந்திரங்கள் வேலையைத் தொடங்கின. அதே ஆண்டு ஏப்ரலில், அறிவியல் ஆய்வு இல்லாமல் வெட்டலாமா என்ற கேள்வி எழுந்து இடைக்காலத் தடை வந்தது. பிறகு தடை நீங்கியது. அந்த மரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது மற்றச் செடிகளை வளரவிடாது என்பது வேறு குற்றச்சாட்டு, அதற்கு ஆதாரம் நிறைய உண்டு. ஆனால், இத்தனை பெரிய வேலையை முதலில் தொடங்கிவிட்டு, அது எவ்வளவு குடிக்கிறது என்று பிறகு கேட்டோமே! நம் இனத்துக்கே இது பழக்கமாகிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, "தோட்டமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது, சனமெல்லாம் தாமானுக்குப் போய்விட்டது, இனிமேல் கிணற்றை அளந்து என்ன செய்யப்போகிறாய்?" என்றார். நியாயமான கேள்வி. இரண்டு பதில் உண்டு. முதலாவது, இன்னும் தோட்டத்தில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். குழாய்க் கடைசியில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் தண்ணீர் நிற்கும். இரண்டாவது, சிரம்பானில் உள்ள தாமானில் பைப்பில் வருவது ஆற்று நீர், அணைக்கட்டு நீர். பத்து நாள் மழையே இல்லாதபோதும் ஆறு ஓடுகிறதே, அந்த நீர் எங்கிருந்து வருகிறது? நிலத்தடியிலிருந்து கசிந்து வருவதுதான். தோட்டத்துக் கிணற்றின் மட்டம் இறங்கினால் சற்றுத் தள்ளியுள்ள ஓடைக்குக் கசிவதும் குறையும். அந்த ஓடை சேரும் ஆற்றைத்தான் நகரம் குடிக்கிறது. கிணறு கைவிடப்பட்டதாக இருந்தால் அளப்பவனுக்கு இன்னும் வசதி, யாரும் இறைப்பதில்லை.

எங்கள் கிணற்றையும் இப்போது யாரும் இறைப்பதில்லை. சென்ற செமஸ்டர் விடுமுறையில் ஒரு சணல் கயிறு, நுனியில் கல், ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு அளக்கப் போனேன். நள்ளிரவு, நான்கு மணி, காலை எட்டு, மாலை ஆறு. பாம்பு இருக்கும் என்று பாட்டி டார்ச் லைட்டோடு கூடவே வந்தார். மூன்று நாள் அளந்தேன். பகலில் இறங்கியது, இரவில் ஏறியது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. எவ்வளவு என்று எழுத எனக்குத் துணிவில்லை. சணல் கயிற்றின் நீளம் ஈரத்தில் மாறிவிடுகிறது என்பதை மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தேன். நான்காம் நாள் மாலை நல்ல மழை. கணக்கு கெட்டது. பாட்டிக்கு மட்டும் மகிழ்ச்சி.

நான் கேட்பது இவ்வளவுதான். நம் கழகம் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு முகாம் போகிறது. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் எடுக்கப்பட்ட பிறகும் அதே தன்முனைப்பு உரை, அதே பலூன் விளையாட்டு, அதே பரிசுப் பை. நானும் இரண்டு ஆண்டு பலூன் ஊதியவன்தான், குறை சொல்லத் தகுதி உண்டு. அடுத்த முகாமில் ஒரு மழைமானி, ஓர் அளவுநாடா, ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் மூன்றையும் பள்ளியில் விட்டுவிட்டு வருவோம். அக்கம் பக்கத்தில் பழைய கிணறு இருந்தால், காலையும் மாலையும் ஒரு மாணவர் எழுதட்டும். ஐந்தாம் ஆண்டு மாணவருக்கு முடியாத கணக்கு ஒன்றும் இதில் இல்லை. நெகிரி செம்பிலானில் ஐந்தாறு பள்ளிகள் இரண்டு ஆண்டு எழுதினால், எந்தத் தோட்டத்தில் மழை கிணற்றுக்குள் இறங்குகிறது, எங்கே அல்லூரில் ஓடிவிடுகிறது என்றாவது தெரியும். பாசோ கோபுரத்தின் துல்லியம் அதற்கு வராதுதான். ஆனால், கோபுரம் காட்டுக்குள் இருக்கிறது. நம் சனம் இருக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை.

பட்டிமன்றத்துக்கு "தோட்டப்புற வாழ்க்கை: வரமா சாபமா?" என்று தலைப்பு வைக்கிறோம். கைதட்டல் பலமாக விழுகிறது. அன்று அலுவலகத்திலிருந்து திரும்பிவந்த என் அப்பாவுக்கு அந்தக் கைதட்டலால் ஒரு பயனும் இல்லை. "நாளுக்கு இத்தனை, மாதத்துக்கு இத்தனை, இதோ பாருங்கள்" என்று நீட்ட ஒரு நோட்டுப் புத்தகம்தான் அவருக்குத் தேவைப்பட்டது. அதைக் கண்டதும் கிணற்றை ஆழப்படுத்தியிருப்பார்களா என்றால், தெரியாது. சிரித்திருக்கமாட்டார்கள்.

அடுத்த விடுமுறை பிப்ரவரியில். நீளம் மாறாத பிளாஸ்டிக் அளவுநாடா வாங்கி வைத்திருக்கிறேன். பாட்டி டார்ச் லைட்டுக்குப் புது பேட்டரி கேட்டிருக்கிறார்.